மிச்சத்தை மட்டும் ரூபாயாக்குங்கள்

(வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புகிறவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் வத்திராயிருப்பில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வெயில் தாழ்ந்த பிறகு கூட்டத்தை வைத்தது நல்லதாகப் போயிற்று. தோப்பு வேலைக்குப் போனவர்களும், ராஜபாளையம் மில்லில் பகல் ஷிப்ட் முடித்தவர்களும் வந்து சேர முடிந்திருக்கிறது. பெண்கள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். எனக்கு வேண்டியதும் அதுதான். வெளிநாட்டு வேலையின் வரவுசெலவில் பாதி அங்கே நடக்கிறது, மீதிப் பாதி இங்கே, வத்ராப்பில் நடக்கிறது. இங்கே நடக்கிற பாதியை யாரும் எழுதி வைப்பதில்லை.

ஒரு பையனுக்கு சிங்கப்பூரில் வேலை கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'எவ்வளவு சம்பளம்?' என்பதுதான் முதல் கேள்வி. 'ஓ.டி. எல்லாம் சேர்த்து எழுநூற்று முப்பது வெள்ளி வரும்' என்பான். டீக்கடையில் யாராவது ஒருவர் உடனே செல்போனை எடுத்து, ஒரு வெள்ளிக்கு, அதாவது சிங்கப்பூர் டாலருக்கு, அறுபத்தைந்து ரூபாய் என்று வைத்துப் பெருக்குவார். 47,450 ரூபாய்! அன்றைக்குச் சாயங்காலமே அவன் அம்மாவிடம் பெண் பார்க்கிற பேச்சு வந்துவிடும். அந்தப் பெருக்கலை நிறுத்தச் சொல்லத்தான் இன்றைக்கு இங்கே வந்திருக்கிறேன்.

வெள்ளியில் வருகிற சம்பளம் வெள்ளியில்தான் செலவாகும். சோறு, போன், பஸ், சவர பிளேடு, தலைவலி மாத்திரை எல்லாமே வெள்ளி. அத்தனையும் போக எது மிஞ்சுகிறதோ அதற்கு மட்டும்தான் ரூபாயாகிற யோகம் உண்டு. ஆகவே பெருக்க வேண்டியது மிச்சத்தை. இதிலேயே இன்னொரு விஷயமும் இருக்கிறது. புதிதாகப் போன பிள்ளைகள் சிலர், ஒரு டீயின் விலையை அறுபத்தைந்தால் பெருக்கிப் பார்த்துவிட்டு, மிரண்டுபோய் வயிற்றைக் காயப்போடுவார்கள். ஆறு மாதத்தில் உடம்பு கெட்டு நிற்கும். சம்பளத்தைப் பெருக்கிச் சந்தோஷப்படுவதும் செலவைப் பெருக்கிப் பயப்படுவதும் ஒரே தப்புதான்.

ஒரு கணக்கைச் சேர்ந்து போடுவோம். தொகைகளும் மாற்று விகிதமும் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் தொகை என்னவோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள், வழி இதுதான். நாள் கூலி 20 வெள்ளி. மாதம் 26 நாள் வேலை. அடிப்படைச் சம்பளம், அதாவது பேசிக், 520 வெள்ளி. தினம் இரண்டு மணி நேரம் ஓ.டி., அதாவது கூடுதல் நேர வேலை. அங்கத்திய சட்டப்படி ஓ.டி.க்கு ஒன்றரை மடங்கு. இந்தப் பேசிக்குக்கு அது மணிக்கு ஏறக்குறைய 4 வெள்ளி வரும். மாதம் 52 மணி நேரத்துக்கு 210 வெள்ளி. ஆகமொத்தம் 730. கேட்டரிங் சாப்பாடு, போன், ஞாயிற்றுக்கிழமை வெளியே போய்வருகிற செலவு, துணிமணி, மருந்து எல்லாம் சேர்த்து 250 வெள்ளி என்று வையுங்கள். மிச்சம் 480. இப்போது பெருக்கலாம்: 31,200 ரூபாய். இங்கே வீட்டுச் செலவுக்கு 12,000. மீதி 19,200.

'பரவாயில்லையே' என்று ஒரு தம்பி தலையாட்டுகிறார். இன்னும் கடனுக்கு வரவில்லை, தம்பி.

போகிறதுக்கு மூன்று லட்சம் ஆயிற்று, அதை மூணு வட்டிக்கு வாங்கியது என்று வைத்துக்கொள்வோம். மூணு வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய், வருஷத்துக்கு முப்பத்தாறு. மூன்று லட்சத்துக்கு முதல் மாத வட்டி மட்டும் 9,000. கையிலிருக்கிற 19,200-ஐ முழுசாகக் கடனுக்கே கட்டினாலும், வட்டி போக மிச்சம்தான் முதலில் கழியும். மாதாமாதம் ஒருநாள் பிசகாமல் கட்டினால் கடன் தீருவது 22ஆவது மாதத்தில். அதற்குள் வட்டியாக மட்டும் 1,10,000 ரூபாய்க்கு மேல் போயிருக்கும். வேலைப் பெர்மிட்டோ பெரும்பாலும் இரண்டு வருஷத்துக்குத்தான். பெர்மிட் முடிகிற அன்றைக்குக் கையில் நிற்பது ஏறக்குறைய 50,000 ரூபாய். இரண்டு வருஷ உழைப்புக்கு!

இதில் ஓ.டி. கிடைக்காத மாதத்தைப் பார்க்க வேண்டும். கட்டட வேலையில் அப்படி மாதங்கள் வரும். 520-இல் 250 போனால் 270 வெள்ளி. 17,550 ரூபாய். வீட்டுக்கு 12,000 போக 5,550. வட்டி 9,000. அந்த மாதம் அவர் சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டே வத்ராப்பில் கடன்காரராகக் கொஞ்சம் வளர்ந்திருப்பார். அதனால்தான் சொல்கிறேன், வீட்டுச் செலவையும் வட்டியையும் பேசிக்கை வைத்துத் திட்டமிடுங்கள். ஓ.டி. வந்தால் அது முதலை அடைக்க.

இதே மூன்று லட்சத்தை வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ நகைக்கடனாக, வருஷத்துக்குப் பத்து சதவீதத்தில் வாங்கியிருந்தால்? பதினேழாவது மாதத்தில் தீர்ந்துவிடும். வட்டி 23,000-க்குள் அடங்கும். ஒரே சம்பளம், ஒரே சாப்பாடு. எங்கே கடன் வாங்கினோம் என்பதில் மட்டும் 88,000 ரூபாய் வித்தியாசம்.

நகைக்கடன் மேசையில் பல வருஷம் உட்கார்ந்தவன் நான். வெளிநாட்டுச் செலவுக்கு என்று வருகிற குடும்பத்தை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். படிவத்தில் விவசாயச் செலவு என்று எழுதியிருக்கும். கழுத்தில் புதிய மஞ்சள் கயிறு கிடக்கும். தாலியைக் கயிற்றில் கோத்துக்கொண்டு சங்கிலியைக் கழற்றியிருப்பார் அந்த அம்மா. மதிப்பீட்டாளர் கல்லும் அரக்கும் கழித்து எடை சொல்கிறபோது, நினைத்ததைவிட நாலு கிராம் குறையும். அப்போது அவர் காதுத் தோட்டுக்குக் கை போகும். இப்படிக் கை போகிற நேரத்தில் கூட வந்த ஏஜென்ட் வெளியே நின்று போன் பேசிக்கொண்டிருப்பார். அதையும் பார்த்திருக்கிறேன்.

நகைக்கடனுக்கு ஒரு வருஷத் தவணைதான் பொதுவழக்கம். நாம் போட்ட கணக்கிலோ பதினேழு மாதம் ஆகிறது. அப்படியென்றால் பன்னிரண்டாவது மாதம் வட்டியைக் கட்டி மாற்றி வைக்க வேண்டும். அந்தத் தேதி சிங்கப்பூரில் கம்பி கட்டுகிறவருக்கு ஞாபகம் இருக்காது. வீட்டிலிருக்கிற அம்மா காலண்டரில் வட்டம் போட்டு வைக்க வேண்டும். ஏல நோட்டீஸ் வந்த பிறகு அழுவதில் பிரயோஜனமில்லை.

போகிறதுக்குக் கடன் என்பது நேற்று வந்த பழக்கமில்லை. 1910இல் ராமநாதபுரம் ஜில்லா உருவானபோது நம் ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகாவும் அதில் சேர்ந்தது. ராமநாதபுரம், மதுரை, திருநெல்வேலி, திருச்சி போன்ற ஜில்லாக்களிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூட்டம் கூட்டமாக ஆள் கட்டினார்கள். கங்காணி ஊருக்கு வருவார். வீட்டுக் கடனை அடைக்க, வழிச்செலவுக்கு, சாப்பாட்டுக்கு என்று முன்பணம் கொடுப்பார். தோட்டத்தில் கால் வைக்கிற நாளிலேயே அந்தக் குடும்பம் கடனாளி. தோட்டத்தில் கொடுக்கிற அரிசியின் விலையும் கூலியில் பிடிக்கப்படும். வேறு தோட்டத்துக்குப் போகலாமென்றால் துரையிடம் 'துண்டு' வாங்க வேண்டும். இன்னார் இவ்வளவு கடன் வைத்திருக்கிறார், அதைக் கட்டினால் விடுவிக்கிறேன் என்று எழுதிய காகிதம் அது. புதுத் தோட்டக்காரர் கடனைக் கட்டி ஆளை எடுப்பார். கடன் மட்டும் ஆளின் தலையிலேயே இருக்கும், சில சமயம் கூடியும் இருக்கும். 1921இல் இலங்கை அரசு சட்டம் போட்டுத்தான் இந்தத் துண்டு முறையை ஒழித்தது.

இன்றைக்குத் துண்டு கிடையாது. ஆனாலும் கடன் தீராததால் கொடுமையைப் பொறுத்துக்கொண்டு வேலையை விடாமல் இருக்கிற பிள்ளைகள் உண்டு. கணக்கு என்று நான் இவ்வளவு நேரம் மன்றாடுவது பணம் சேர்ப்பதற்காக மட்டும் இல்லை. 'இந்த வேலை வேண்டாம், ஊருக்கு வருகிறேன்' என்று சொல்கிற தைரியம் கடன் குறைகிற அளவுக்குத்தான் கூடும்.

அதனால் அந்த மூன்று லட்சத்தை முதலில் சந்தேகப்படுங்கள். யாருக்கு, எதற்கு? நம் நாட்டுச் சட்டப்படி, பதிவு பெற்ற ஏஜென்ட் தொழிலாளியிடம் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கு ஜி.எஸ்.டி.யும்தான். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை வெளியுறவுத் துறையின் 'இ-மைகிரேட்' தளத்தில் உங்கள் பிள்ளையே செல்போனில் பார்த்துவிடலாம். சிங்கப்பூர்ப் பக்கத்து ஏஜென்சி வாங்குவதற்கும் வரம்பு உண்டு: ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதம். முதலாளி கட்ட வேண்டிய லெவி, 5,000 வெள்ளி ஜாமீன் தொகை, மருத்துவக் காப்பீடு இவற்றைத் தொழிலாளி தலையில் கட்டக் கூடாது. வேலை கொடுப்பதற்காகவே முதலாளி பணம் வாங்குவது அங்கே குற்றம். பயிற்சி நிலையத்துக்கும் தேர்வுக்கும் ஆகிற செலவு தனி, அது நியாயமான செலவு. எதற்கு எவ்வளவு என்று ரசீதோடு பிரித்துக் கேளுங்கள். ரசீது தர மறுக்கிற தொகையைக் கடன் வாங்கிக் கொடுக்காதீர்கள். தமிழ்நாடு அரசே 1978இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னை கிண்டியில் இருக்கிறது. கிளம்பத் துடிக்கிற பலருக்கு அது இருப்பதே தெரியாது.

மூன்று லட்சம் 1,20,000 ஆகக் குறைந்து, அதுவும் நகைக்கடனில் என்றால், நம் கணக்கின்படி ஏழாவது மாதத்தில் கடன் முடிந்துவிடும். இரண்டு வருஷத்தில் பதினேழு மாதச் சம்பளம் உங்களுடையது. அங்கே போய் டீயைக் குறைத்து, போன் பேசுவதைக் குறைத்து மிச்சம் பிடிப்பதெல்லாம் இதற்குப் பக்கத்தில் வராது.

அடுத்து, காகிதம். சிங்கப்பூர் போகிறவருக்கு ஐ.பி.ஏ. என்கிற முன் அனுமதிக் கடிதம் வரும். அவருக்குத் தெரிந்த மொழியில், கிளம்புவதற்கு முன்பே கையில் கிடைக்க வேண்டும். அதில் பேசிக் எவ்வளவு, படிகள் எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்று தனித்தனியாக இருக்கும். ஏஜென்ட் வாயால் சொன்ன தொகையை மறந்துவிட்டு, இந்தக் கடிதத்தில் உள்ள பேசிக்கை மட்டும் வீட்டு வரவுசெலவு நோட்டில் எழுதுங்கள். பேசிக்கைக் குறைத்துப் படியைக் கூட்டிப் போட்டால் மொத்தம் ஒன்றுதானே என்று நினைக்கக் கூடாது. ஓ.டி. பேசிக்கை வைத்துத்தான் கணக்காகிறது. துபாய் போன்ற இடங்களில் வேலையை விட்டு வரும்போது கிடைக்கிற பணிக்கொடையும் அப்படித்தான். அங்கே முதல் ஐந்து வருஷத்துக்கு வருஷம் ஒன்றுக்கு 21 நாள் பேசிக். பேசிக் குறைந்தால் கடைசி நாள் வரை குறையும்.

வளைகுடாவுக்குப் போகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்வி, 'சாப்பாடு கம்பெனியா, சொந்தமா?' என்பது. கத்தாரில் 2021 மார்ச்சிலிருந்து குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இருக்கிறது. பேசிக் 1,000 ரியால். முதலாளி இடம் தராவிட்டால் அதற்கு 500, சாப்பாடு தராவிட்டால் அதற்கு 300 ரியால் கூடத் தர வேண்டும். ஆயிரம் ரியாலும் சாப்பாடும் என்பது வேறு, ஆயிரத்து முந்நூறு ரியாலும் சொந்தச் சமையலும் என்பது வேறு. நாலு பேர் சேர்ந்து முறைவைத்துச் சமைத்தால் முந்நூறுக்குள் முடித்து மிச்சமும் பிடிக்கலாம். தனியாகக் கடையில் சாப்பிட்டால் முந்நூறு பத்தாது.

பத்தாம் வகுப்பு முடிக்காமல் வளைகுடாவுக்கும் இன்னும் சில நாடுகளுக்கும் போகிறவர்கள் அரசிடம் குடியகல்வு அனுமதி வாங்க வேண்டும். அவர்களுக்குப் பிரவாசி பாரதிய பீமா காப்பீடு கட்டாயம். இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய் பிரீமியம், விபத்தில் உயிர் போனால் பத்து லட்சம். நோட்டில் இதைவிட மலிவான வரி இருக்காது. கூசாமல் எழுதுங்கள்.

எல்லோரும் மறந்துபோகிற ஒரு தொகை உண்டு. போய் இறங்கிய நாளுக்கும் முதல் சம்பளத்துக்கும் நடுவே உள்ள நாட்கள். சிங்கப்பூரில் மாதம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளம், பதினாலு நாளுக்குள் ஓ.டி. தர வேண்டும் என்பது சட்டம். சட்டப்படியே நடந்தாலும் முப்பத்தேழு நாள் ஆகலாம். அதுவரை சாப்பாட்டுக்கு 250 வெள்ளியாவது கையில் வேண்டும். வழியனுப்புக்கு ஆட்டுக்கறி விருந்து போடுகிற வீடுகளில்கூட இந்தப் பணத்தைக் கொடுத்தனுப்புவதில்லை. பையன் அங்கே கூட இருப்பவரிடம் கைமாற்று வாங்கி ஆரம்பிக்கிறான்.

கிருஷ்ணன்கோவில் கலசலிங்கத்தில் படித்துவிட்டு ஜெர்மனிக்குப் போகப் பார்க்கிற பிள்ளைகளும் இங்கே இருக்கிறீர்கள். உங்களுக்கு ஏஜென்ட் தொல்லை குறைவு. ஆனால் பெருக்கல் தொல்லை அதிகம், ஏனென்றால் தொகை பெரிசு. அங்கே சம்பளம் பேசுவது வருஷக் கணக்கில், பிடித்தத்துக்கு முன்னால். 2025இல் நீல அட்டை என்கிற வேலை அனுமதிக்கு வேண்டிய பொதுவான குறைந்தபட்சச் சம்பளம் வருஷத்துக்கு 48,300 யூரோவாக இருந்தது. மாதத்துக்கு 4,025. வரி, மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம், வேலையிழப்புக் காப்பீடு எல்லாம் போக, தனி ஆளுக்குக் கைக்கு வருவது சுமார் 2,600. வீட்டு வாடகையிலும் இரண்டு உண்டு. வெப்பச் செலவு, தண்ணீர் சேராதது ஒன்று, சேர்ந்தது ஒன்று. விளம்பரத்தில் குறைந்த தொகை கண்ணில் படும். முன்பணம் மூன்று மாத வாடகை வரை கேட்கலாம். 700 யூரோ வீட்டுக்கு 2,100. அதை மூன்று தவணையாகக் கட்ட உங்களுக்குச் சட்டப்படி உரிமை இருக்கிறது, ஆனால் வீட்டுக்காரர் தாமாகச் சொல்லமாட்டார். டிவி இருக்கிறதோ இல்லையோ, வீட்டுக்கு வீடு ஒலிபரப்புக் கட்டணம் மாதம் 18.36 யூரோ. வருஷ முடிவில் வெப்பச் செலவின் மீதிக் கணக்கு ஒன்று வந்து கதவைத் தட்டும். கிளம்பும்போது கையில் குறைந்தது இரண்டு மாதச் செலவும் வீட்டு முன்பணமும் இல்லாமல் போகாதீர்கள். அப்பா கல்விக்கடன் இன்னும் கட்டிக்கொண்டிருப்பார் என்பதையும் நோட்டில் ஒரு வரியாகப் போடுங்கள்.

பணம் அனுப்புவதில் ஒரு சின்ன விஷயம். 'அனுப்புவது இலவசம்' என்று பலகை வைத்திருக்கிற கடையில் மாற்று விகிதத்தைப் பாருங்கள். வெள்ளிக்கு ஒரு ரூபாய் குறைத்துக் கொடுத்தால், 480 வெள்ளிக்கு 480 ரூபாய் அங்கேயே போயிற்று. கட்டணத்தைக் கேட்காதீர்கள், 'என் வீட்டுக்கு எத்தனை ரூபாய் போய்ச் சேரும்?' என்று மட்டும் நாலு இடத்தில் கேளுங்கள். உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே ஆள் மூலம், அனுப்பினால் கூடக் கிடைக்கும் என்பார்கள். அது சட்டத்துக்கு விரோதம். பணம் வராவிட்டால் போய்க் கேட்க இடமும் கிடையாது. வேலைக்குப் போனவர் இங்கே இருக்கிற சேமிப்புக் கணக்கை வங்கியில் சொல்லி என்.ஆர்.ஓ. ஆக மாற்ற வேண்டும். சேமிப்புக்கு ஒரு என்.ஆர்.இ. கணக்கு தொடங்கலாம், அந்த வட்டிக்கு இங்கே வருமான வரி இல்லை. வீட்டுச் செலவுக்கு வீட்டுக்காரம்மா கணக்கு, சேமிப்புக்கு அவர் கணக்கு என்று இரண்டாக அனுப்புங்கள். ஒரே கணக்கில் வந்து விழுகிற பணம் ஒரே கணக்கிலிருந்து செலவாகிப்போகும்.

கடைசியாக ஊர்ப் பாதி. மகன் சிங்கப்பூர் போனதும் ஊருக்குள் அந்த வீட்டின் மொய் இரட்டிப்பாகிவிடும். ஐநூறு எழுதின கை ஆயிரம் எழுத வேண்டும், இல்லாவிட்டால் பேச்சு வரும். கோயில் வரி, காதுகுத்து, ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் தேர் பார்க்க வருகிற சொந்தபந்தம், எல்லாவற்றுக்கும் ஒரு வெளிநாட்டு விலை உண்டு. லீவில் வரும்போது கோடாரித் தைலமும் சாக்லேட்டும் சென்ட்டுமாகப் பெட்டி நிறைய வேண்டும். அந்தப் பெட்டிக்கும் விமான டிக்கெட்டுக்கும் மாதாமாதம் ஒரு தொகை ஒதுக்காதவர்கள் ஊருக்கு வருவதற்கே புதுக்கடன் வாங்குகிறார்கள். இதைத் தவிர்க்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். கடன் தீருகிற வரைக்கும் பழைய மொய்தான் என்று மாமியாரும் மருமகளும் சேர்ந்து, அவன் கிளம்புவதற்கு முன்னாலேயே முடிவு செய்துவிடுங்கள். ஊரார் பேசட்டும். அவன் போனபிறகு எடுக்கிற முடிவு நிற்காது, போனில் அழுகையும் கோபமுமாகத்தான் முடியும்.

நோட்டை யார் எழுதுவது என்று ஒரு அக்கா முன்பே கேட்டார்கள். மருமகள் எழுதட்டும். மாதம் ஒருநாள், சம்பளம் வந்த வாரத்தில், வீடியோ காலில் இரண்டு பேரும் நோட்டை வைத்துக்கொண்டு வரிவரியாகப் படியுங்கள். மாமியார் பக்கத்தில் உட்காரலாம். பேனா மருமகள் கையில் இருக்கட்டும்.

ஐ.பி.ஏ. கடிதமோ, ஒப்பந்தமோ, ஏஜென்ட் எழுதிக் கொடுத்த துண்டுச்சீட்டோ கொண்டுவந்திருப்பவர்கள் இப்படி மேசைப் பக்கம் வாருங்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம். இன்னும் பணம் கட்டாதவர்கள் முதலில் வாருங்கள்.